உடலுக்கும் ஆறுதல் வேண்டும்



2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. திருக்குடும்பத் திருவிழா நாள். அன்று காலையில்தான் சுனாமி நம் கரையைத் தாக்கியது. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை அதை யாரும் மறக்கவில்லை. கடல் சற்று அதிகமாக இரைந்தாலே இன்றும் நம்மில் சிலருக்கு நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது, தூக்கம் போய்விடுகிறது. அதை விசுவாசக் குறைவு என்று எண்ணி மறைக்கிறோம். குடித்து மறக்கவும் பார்க்கிறோம்.

அது விசுவாசக் குறைவு அன்று. ஆபத்து வந்தால் ஓடித் தப்பிக்க இதயமும் மூச்சும் தசைகளும் முடுக்கப்படுகின்றன. ஆபத்து நீங்கிய பின்னும் சிலருக்கு அந்த முடுக்கம் அடங்குவதில்லை. அவர்களிடம் "பயப்படாதே" என்று சொன்னால் மட்டும் போதாது.

இறைவாக்கினர் எலியா உயிருக்கு அஞ்சி ஓடி, செத்தால் போதும் என்று சூரைச்செடியின் அடியில் படுத்துவிட்டார் (1 அரசர்கள் 19). வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை. தொட்டு எழுப்பினார், அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மீண்டும் உறங்கவிட்டார். கடவுள் அவரோடு பேசியது அதன் பிறகுதான். உயிர்த்த ஆண்டவரும், கதவைப் பூட்டிக்கொண்டு அஞ்சியிருந்த சீடர்கள்மேல் ஊதினார். பின்பு கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி அவர்களைச் சாப்பிட அழைத்தார்.

சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டு முகாம்களில் 183 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2010-இல் வெளியானது. மூச்சுப் பயிற்சி பெற்றவர்களுக்கு ஆறு வாரங்களில் அதிர்ச்சியின் பாதிப்பும் மனச்சோர்வும் வெகுவாகக் குறைந்திருந்தன. "மூச்சுப் பயிற்சி நமக்கு ஆகுமா, சாமி?" என்று கேட்பவர்கள் உண்டு. மண்ணால் உருவாக்கிய மனிதனுக்குள் உயிர்மூச்சை ஊதியவர் நம் கடவுள்தானே! செபமாலையை இலத்தீனில் சொல்லும்போது மூச்சு நிமிடத்திற்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்து, இதயத்தின் இயக்கமும் சீர்படுகிறது என்று 2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஆய்வொன்றை வெளியிட்டது.

எனவே இன்றிரவு குடும்பமாய்ச் செபமாலை சொல்லும்போது அவசரப்பட வேண்டாம். ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மெதுவாக மூச்சை உள்ளிழுத்து, மறுபாதியை நிதானமாகச் சொல்லுவோம். அஞ்சி நடுங்குபவருக்குப் புத்திமதி சொல்லும் முன் அருகில் உட்கார்ந்து, சூடாக ஒரு வாய் கஞ்சி கொடுப்போம். துயரம் தாங்க முடியாதபோது மருத்துவரை நாடுவோம். 14416 என்ற அரசின் இலவச மனநல எண்ணையும் அழைக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருத்துவரின் கை வழியாகவும் குணமளிப்பவர் ஆண்டவரே.

நம் உடலையும் உள்ளத்தையும் அவர் கரத்தில் ஒப்படைப்போம். ஆமென்.