பயந்தவரிடம் ஓட்டுக் கேட்பது எப்படி?



தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் கையில் இரண்டே சரக்குதான். 'நாங்கள் வந்தால் விடியும்' என்பது ஒன்று. 'அவர்கள் வந்தால் தொலைந்தீர்கள்' என்பது இன்னொன்று. இரண்டாவது மலிவு, சீக்கிரம் விற்றும் போகும். அப்படியானால் பயம்தான் எப்போதும் ஜெயிக்குமா? சிலி நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

1973 செப்டம்பர் 11. மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் அயெந்தேயை ராணுவம் கவிழ்த்தது. ஜெனரல் பினோசே வந்து உட்கார்ந்தார். அவர் ஆட்சியில் 3,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், அல்லது காணாமல் போனார்கள். 1988 அக்டோபர் 5 அன்று மக்களிடம் ஒரே கேள்வி: இன்னும் எட்டு ஆண்டு இவரே இருக்கட்டுமா, வேண்டாமா?

தொலைக்காட்சியில் இரு தரப்புக்கும் இரவில் தலா 15 நிமிடம். ஆட்சித் தரப்பு அயெந்தே காலத்துக் கடை வரிசையையும் கலவரத்தையும் காட்டிப் பயமுறுத்தியது. முழுப் பொய்யா? இல்லை ஐயா! அந்த வரிசையில் கால்கடுக்க நின்றவர்கள்தானே பார்த்துக்கொண்டிருந்தார்கள்! பயம் காட்டுகிறவன் கொஞ்சம் உண்மையைக் கலந்துதான் காட்டுவான்.

எதிரணியிடம் சித்திரவதைக் கதைகள் குவிந்து கிடந்தன. 15 நிமிடமும் அதையே காட்டியிருக்கலாம். அவர்களோ வானவில்லைச் சின்னமாக்கி, மகிழ்ச்சி வரப்போகிறது என்று பாட்டுப் போட்டார்கள். சொந்த அணியிலேயே சிலர் கொதித்தார்கள்: செத்தவர்களை வைத்துக்கொண்டு கும்மாளமா? நியாயமான கோபம்தான். ஆனால் ஏற்கெனவே பயந்து கிடப்பவரிடம் கொடுமையை மட்டுமே திரும்பத் திரும்பக் காட்டினால், அவர் கதவைத் தாழிட்டுக்கொள்வார். துயரத்தை அவர்கள் மூடி மறைக்கவும் இல்லை. காணாமல் போனவர்களின் வீட்டுப் பெண்கள், ஜோடியாக ஆட வேண்டிய குவேக்கா நடனத்தைத் தனியாக ஆடினார்கள். அதுவும் அதே நிகழ்ச்சியில்தான் வந்தது.

இதோடு நிறுத்தினால் விளம்பரக்காரர்களின் வெற்றிக் கதையாகிவிடும். பாட்டு மட்டும் ஜெயிக்கவில்லை! 'நான் எதற்குப் போட்டேன் என்று கண்டுபிடித்துவிடுவார்களோ', 'போட்டாலும் ஒழுங்காக எண்ணவா போகிறார்கள்' என்று பயம் இந்த இரண்டு இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது. ஆகவே மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்தார்கள். ஓட்டு ரகசியம் என்று சொல்லிச் சொல்லிப் புரியவைத்தார்கள். சாவடிகளில் முகவர்களை உட்காரவைத்துத் தாங்களும் ஒரு கணக்கு எடுத்தார்கள். அன்றிரவு அரசு முடிவை இழுத்தடித்தது. விமானப்படைத் தளபதி மாத்தேயே செய்தியாளர்களிடம், எதிரணி வென்றதாகத்தான் தெரிகிறது என்று போட்டு உடைத்தார். 'வேண்டாம்' என்றவர்கள் 56 சதவீதம்! 'இருக்கட்டும்' என்றவர்கள் 44. அந்த 44-ஐயும் மறக்காதீர்கள்.

அதனால் நம்பிக்கை பேசி ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்பேன்: பாட்டு நன்றாக இருக்கிறது தம்பி, சாவடியில் முகவர் யார்?

வென்ற பிறகும் வேலை தீரவில்லை. 1998 மார்ச் வரை பினோசே ராணுவத் தலைமைத் தளபதியாகவே இருந்தார். மகிழ்ச்சி வரும் என்று பாடியவர்கள் ஆட்சிக்கு வந்து, அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.