ஒரே குற்றத்துக்கு இரண்டு தராசா?

(ஓசூரில் பெண் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டது ஒரு பாட்டு. பாட்டுக்கும் பகுத்தறிவுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டில் பெண்களை அடக்கி வைத்த வேலையில் பாதியைச் செய்தவை பாட்டுகளேயாகும். பதிவிரதைக் கதைகளைத் தாலாட்டிலும் பஜனையிலும் பாடிப் பாடியே பெண்ணின் மூளைக்கு விலங்கு பூட்டினார்கள். ஆகையால், அதே பாட்டைக் கொண்டு ஒரு பெண் எதிர்க்கேள்வி கேட்பாளேயானால், அதைக் கவனிக்க வேண்டியது நமது கடமையாகும்.

அப்பாட்டைக் கட்டிப் பாடியவர் அமெரிக்காவில் டென்னசி மாகாணத்து மலைநாட்டில் 1946-ல் பிறந்த டாலி பார்ட்டன் அம்மையார். 12 பிள்ளைகளில் நான்காமவர். தகப்பனார் வாரத்துக்கு உழுத குடியானவர்; எழுதப் படிக்கத் தெரியாதவர். அம்மையார் பாடுவது 'கன்ட்ரி' என்னும் நாட்டுப்புறப் பாட்டு. நமது தெம்மாங்கையும் நடவுப் பாட்டையும் போல, படித்த கூட்டம் ஒரு காலத்தில் இளக்காரமாய்ப் பார்த்த பாட்டுதான்.

1966-ல் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. சில மாதம் கழித்துப் புருஷர், தமக்கு முன் வேறு யாருடனாவது பழக்கம் உண்டா என்று கேட்டார். அம்மையார் ஒளிக்காமல் உண்மையைச் சொன்னார். புருஷருக்கு மனவருத்தம் உண்டாயிற்று. அதிலிருந்து பிறந்து, 1968-ல் வெளிவந்ததே 'நான் பெண் என்பதாலேயே' என்று பொருள்படும் பாட்டு. இதை அம்மையாரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

தோழர்களே! இந்தப் பாட்டில் அவர், புருஷன் நினைத்த பெண்ணாகத் தாம் இல்லாததற்கு வருத்தம் தெரிவிக்கிறார்; ஆனால் தம் தவறு அவனுடையதை விட மோசமென்று ஒப்புக் கொள்ளவில்லை. தாம் உத்தமி என்றும் சாதிக்கவில்லை. புருஷனை வைது தீர்க்கவும் இல்லை. அவர் கேட்பதெல்லாம், நான் செய்தது தப்பென்றால் நீ செய்ததும் தப்புதானே, நிறுப்பதற்குத் தராசு ஏன் இரண்டு என்பதுதான். ஒருத்தியின் பேரைக் கெடுத்து விட்டுப் போகிற ஆண், தனக்குப் பெண்டாட்டியாக மட்டும் களங்கமற்றவளைத் தேடுகிறானே என்றும் கேட்கிறார்.

இது சின்னக் கணக்குத்தான். ஆண்கள் முன்னே பின்னே இருக்கலாமாம். பெண்கள் எல்லாரும் நெருப்பாக இருக்க வேண்டுமாம். அப்படியானால் அந்த ஆண்கள் யாரோடு முன்னே பின்னே இருந்தார்கள்? ஆகாயத்திலிருந்தா பெண்கள் இறங்கி வந்தார்கள்?

நாம் இன்னும் ஒரு படி மேலே போவோம். வயது வந்த இருவர் மனமொத்துப் பழகியதை அப்பாட்டும் தவறு என்ற பேராலேயே அழைக்கிறது. பழகிய பின் ஏமாற்றுவதும் வற்புறுத்துவதும்தான் குற்றமே ஒழிய, பழகியது குற்றமாகாது என்பது நமது அபிப்பிராயம்.

அமெரிக்காவைச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவு, ஒருவன் மனைவியை மற்றவன் சேர்ந்தால் அதைப் புருஷனுக்குச் செய்த குற்றமாகவே பாவித்தது. அதாவது பெண் ஒரு சொத்து! இந்தப் பிரிவைச் சுப்ரீம் கோர்ட்டு ரத்துச் செய்தது 2018-ல்தான்.

கோர்ட்டுச் சட்டம் போயிற்று. வீட்டுச் சட்டம் போயிற்றா? இந்த ஓசூரையே பாருங்கள். கடிகாரம் கோப்பதும், செல்போன் பாகங்கள் செய்வதும் பெண்களின் கைகள்தான். ஆலைகளில் பெண்கள் இரவு வேலை செய்வதைத் தடுத்த 1948-ம் வருஷத்து விதியைச் சென்னை ஐகோர்ட்டு 2000-ல் செல்லாதென்றது. ஆனால், இரவு ஷிப்டு முடிந்து வருகிற ஆணைப் பார்த்து 'பாவம், உழைத்துக் களைத்தான்' என்கிற ஊர், பெண்ணைப் பார்த்து 'எங்கே போய் வருகிறாள்?' என்கிறது. பெண்கள் விடுதிக்கு இத்தனை மணிக்குப் பூட்டு. ஆண்கள் தங்குமிடத்துக்குப் பூட்டே கிடையாது. பெண் பார்க்க வருகிறவர்கள் 'கம்பெனிக்குப் போன பெண்ணா?' என்று முகம் சுளிக்கிறார்கள். அதே வாயால் சம்பளம் எவ்வளவு, சேர்த்த நகை எவ்வளவு என்றும் கேட்கிறார்கள். சம்பளம் மட்டும் கற்புள்ளதாய் இருக்கிறது போலும்!

பக்கத்தில் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைக் கிராமங்களில் இன்னும் பள்ளிக்கூட வயதுப் பெண்களுக்குக் கல்யாணம் நடக்கிறது. வறுமை ஒரு காரணம். 'பேர் கெடுமுன் ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும்' என்ற பயம் மற்றொரு காரணம். பையனின் பேர் கெடும் என்று பயந்து எந்தத் தகப்பனாவது அவன் படிப்பை நிறுத்தினதுண்டா? 2006-ம் வருஷத்துக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டங்கூடப் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று இரண்டு தராசுதான் வைத்திருக்கிறது.

உண்மையைச் சொன்னால் குடும்பம் குலைந்து போகும் என்பவர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். அந்த அம்மையாரும் அவர் புருஷரும், 2025-ல் புருஷர் காலமாகும் வரை, 58 வருஷத்துக்கு மேல் சேர்ந்தே வாழ்ந்தார்கள். பொய்யைக் காட்டிலும் சமத்துவம் குடும்பத்துக்கு உறுதியான அஸ்திவாரம்.

ஆகவே தாய்மார்களே, பெண்ணைக் கேட்கிற கேள்வியை மாப்பிள்ளையையும் கேளுங்கள். விடுதிக்கு விதி வேண்டுமானால் இருபாலாருக்கும் ஒன்றாய் வைக்கச் சொல்லுங்கள். ஊர்ப் பேச்சுக்காகப் பெண்ணின் படிப்பையும் வேலையையும் நிறுத்தாதீர்கள். தோழர்களே, உங்கள் தங்கைக்குக் காட்டும் தராசில் முதலில் நீங்கள் ஏறி நில்லுங்கள். முள் எங்கே நிற்கிறதென்று பார்த்த பிறகு மற்றவர்களை நிறுக்க வரலாம் என்று கூறி, இவ்வளவோடு நிறுத்திக் கொள்ளுகிறோம்.