தரையில் பதிந்த தாடை

புதைபடிவம் என்றதும் அரும்பொருளகமும் கண்ணாடிப் பெட்டியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். பேரங்காடியில் மின்தூக்கிக்காகக் காத்து நிற்பவரின் காலடியிலேயே ஒன்று கிடக்கக்கூடும் என்று யாரும் எண்ணுவதில்லை.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் வெட்டப்படும் ஜூரா சுண்ணாம்புக்கல், உலகெங்கும் கட்டடங்களின் தரையிலும் சுவரிலும் பதிக்கப்படுகிறது. அதை உற்றுப் பார்த்தால் சுருண்ட ஓடுகள் தெரியும். அவை அம்மோனைட்டுகள். இங்கே சோத்தோங் என்று சொல்கிறோமே, அந்தக் கணவாயின் தூரத்து உறவு. சுமார் 150 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் கடலில் நீந்தியவை. எகிப்தின் பிரமிடுக் கற்களிலும் வட்ட வட்டமாகக் கடலுயிர்களின் ஓடுகள் உண்டு. கட்டட வேலையாட்கள் தின்று மிஞ்சிய பருப்புதான் கல்லாகிவிட்டது என்று அங்குள்ளோர் பேசிக்கொண்டதை, 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கரான ஸ்ட்ராபோ எழுதி வைத்தார்!

எல்லாத் தரையிலும் தேடிப் பயனில்லை. கிரானைட் என்பது பாறைக்குழம்பு ஆறி உறைந்தது. அதில் உயிரின் சுவடு இராது. உண்மையான பளிங்கு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியதால் பெரும்பாலும் ஓடுகள் அழிந்திருக்கும். ஆனால் கடைகளில் சுண்ணாம்புக்கல்லையும் மார்பிள் என்றே விற்கிறார்கள். ஒரே கோலம் நான்கு ஓடு தள்ளி மறுபடியும் வந்தால், அது பீங்கானில் அச்சடித்தது.

துருக்கியின் டெனிஸ்லி வட்டாரத்துக் கதை வேறு. அங்கே கிடைப்பது டிராவர்டைன். வெந்நீர் ஊற்று சுமந்து வரும் சுண்ணாம்பு, ஏடு ஏடாகப் படிந்து இறுகிய கல் அது. சுற்றுப்பயணிகள் கூடும் பாமுக்கலே வெண்படிகளும் அப்படி உருவானவைதான். ஊற்றோரம் விழுந்த இலை, நாணல், எலும்பு எல்லாவற்றையும் சுண்ணாம்பு மூடிவிடும். செத்து விழுந்தது மனிதனானாலும் அதே கதிதான்.

2002இல் அங்கு வெட்டிய பாளம் ஒன்றைப் பலகைகளாக அறுத்தபோது, மண்டையோட்டின் மேற்பகுதி வெளிப்பட்டது. ஹோமோ எரெக்டஸ் என்னும் ஆதி மனித இனத்தைச் சேர்ந்தது. வயது 1 மில்லியன் ஆண்டுகளுக்கும் மேல். கல்லோடு சேர்த்து அதையும் ரம்பம் அறுத்துவிட்டிருந்தது.

2024 ஏப்ரலில் அதே வட்டாரத்துக் கல் மீண்டும் பேசப்பட்டது. ஐரோப்பாவில் பல் மருத்துவர் ஒருவர், புதுப்பிக்கப்பட்ட தம் பெற்றோர் வீட்டுக்குப் போயிருந்தார். தரை ஓட்டில் வில் போல் வளைந்த ஒரு கீற்று. அதற்குள் வரிசையாகப் பற்களின் குறுக்குவெட்டு! வேறொருவராக இருந்தால் கறை என்று துடைத்துவிட்டுப் போயிருப்பார். அன்றாடம் தாடைகளைப் பார்த்துப் பழகிய அவர், அது மனிதத் தாடை என்று கண்டுகொண்டு படத்தை இணையத்தில் போட்டார். ஆய்வாளர்கள் விழித்துக்கொண்டனர்.

அந்த ஓட்டில் இருப்பது ஒரு சீவல்தான். அதே பாளத்திலிருந்து அறுத்த அடுத்தடுத்த ஓடுகளில் தாடையின் மிச்சம் இருக்க வேண்டும். அவை வேறு ஏதோ வீட்டுக் குளியலறையில், சிமெண்டு பூசி, பாய் விரித்துக் கிடக்கக்கூடும்.