வெண்பூ தரும் வேதனை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இயலும் இசையும் நாடகமும் விருந்தளிக்கும் இவ்விழாவில், ஒரு களைச் செடியைப் பற்றிப் பேச வந்துள்ளேன். பொருள் சிறிதெனத் தோன்றலாம். ஆயினும் என் இல்லத்தில் நேர்ந்த பிழையொன்றை எண்ணுங்கால், இதனைக் கூறாதிருத்தல் தகாது என்று கருதுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் வெற்று மனையில் களை பறித்து வந்த முதியவர் ஒருவருக்கு முகமும் கழுத்தும் முழங்கை மடிப்புகளும் சிவந்து தடித்தன. கண்ணிமைகள் வீங்கின. தோல் வெடித்து நீர் கசிந்தது. தொற்றுநோய் என்று அஞ்சி, "குழந்தைகள் உள்ள வீடு, இனி வரவேண்டா" என்று கூறி அவரை நிறுத்திவிட்டோம். பின்னர்த் தோல் மருத்துவர் ஒருவரிடம் இதனைச் சொன்னபோது, அவர் எங்கள் அறியாமையைத் தெளிவித்தார். அந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றாது. எங்கள் மனையில் வளர்ந்த செடியே அம்முதியவருக்கு நோயையும் தந்து, அவர் பிழைப்பையும் பறித்தது. தலை குனிந்தேன்.

அச்செடி யாது? நம் லிங்கராஜபுரத்தில் இருப்புப்பாதை ஓரங்களிலும், வீடு கட்டப்படாத மனைகளிலும், வெண்மையான சிறு பூக்களைச் சுமந்து இடுப்பளவு நிற்கும் பார்த்தீனியமே அது. கன்னட நண்பர்கள் இதனைக் 'காங்கிரஸ் கிட' என்பர். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியே இதன் தாயகம். 1950களின் நடுவில் புனே நகரத்தில் அறிஞர் கண்ணிற்பட்டது. கப்பலில் வந்த கோதுமையோடு கலந்து வந்தது என்பது பலர் கூற்று. ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும் ஆதலின், நாடெங்கும் பரவிற்று. இதன் இலைகளைத் தின்னும் மெக்சிகோ நாட்டு வண்டினம் ஒன்றை 1984ஆம் ஆண்டில் இப்பெங்களூரிலேயே விடுத்தனர். அவ்வண்டுகள் மழைக்காலத்தில் நல்ல பணி புரிகின்றன. ஆயினும் செடி முற்றிலும் ஒழிந்தபாடில்லை.

இச்செடியில் பார்த்தெனின் என்னும் பொருள் உள்ளது. முதன்முறை தீண்டும்போது பெரும்பாலும் ஒன்றும் தோன்றாது. பன்முறை பட்டபின், சிலருடைய உடல் அதனைப் பகையாகக் கொள்ளும். அதன்பின் சிறு துகள் பட்டாலும் தோல் சீறி எழும். பல்லாண்டு தீங்கின்றிக் களை பறித்தவருக்குத் திடீரென நோய் வருவது இதனால்தான். காய்ந்த செடியின் தூள் காற்றில் பறத்தலின், செடியைத் தொடாதவருக்கும் முகத்திலும் கழுத்திலும் அரிப்பு உண்டாகும்.

நம்மவருள் பலர் அமெரிக்காவில் வாழும் மக்களைக் காணச் செல்கின்றனர். அங்கும் 'பாய்சன் ஐவி' என்றொரு செடி உண்டு. ஒரு காம்பில் மூன்று இலைகளாகக் காணப்படும். அதன் எண்ணெய் பட்டால், ஓரிரு நாளில் கொப்புளம் எழும். அது மாவும் முந்திரியும் சேங்கொட்டையும் சேர்ந்த குடும்பத்தது. துணியில் குறியிடப் பயன்பட்ட சேங்கொட்டைச் சாறு தோலைப் புண்ணாக்குவதை அறிந்தவர்க்கு அதன் இயல்பு எளிதில் விளங்கும். அவ்வெண்ணெய் காலணியிலும் நாயின் மயிரிலும் ஒட்டிக்கொண்டு வீட்டிற்குள்ளும் வரும்.

இனிக் காக்கும் வழி. செடியைப் பூக்குமுன், மழை பெய்து மண் இளகிய வேளையில், வேரோடு பறித்தல் வேண்டும். முழுக்கைச் சட்டை, கையுறை, மூக்கையும் வாயையும் மூடும் துணி ஆகியவை இன்றியமையாதவை. பறித்ததைக் கொளுத்தலாகாது, புகை தீங்கு செய்யும். பறித்த இடத்தில் தகரையோ செண்டுமல்லியோ வளர்த்தால், அவை களையைத் தலையெடுக்க விடா. வேலை முடிந்தவுடன் சோப்பிட்டுக் குளிர்ந்த நீரால் உடலைக் கழுவி, உடைகளைத் தனியே துவைத்தல் வேண்டும்.

நோய் வந்துவிட்டால் சொறிதல் கூடாது. நனைத்த மெல்லிய துணியை வைத்தலும், காலமைன் பூசுதலும் அரிப்பைத் தணிக்கும். கடைக்காரர் தரும் களிம்பை நாமே வாங்கித் தடவுதல் பெருந்தவறு. அவற்றுட் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முகத்தில் நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து கெடும். அம்மருந்தின் வலிமையையும் நாளளவையும் மருத்துவரே வரையறுத்தல் வேண்டும். கண் வீங்கினாலும், சீழ் கட்டினாலும், காய்ச்சல் கண்டாலும், ஒரு நாளும் தாழ்க்காது மருத்துவரிடம் செல்க. மூச்சுத் திணறினால் அக்கணமே மருத்துவமனைக்கு விரைக. ஆயினும் செடியின் தொடர்பு நீங்காதவரை, எம்மருந்தும் நிலைத்த பயன் தராது. நோயின் முதற்காரணத்தை நாடுமாறு வள்ளுவப் பெருந்தகை வகுத்த நெறியும் இதுவேயன்றோ!

அன்பர்களே! அம்முதியவரைத் தேடிச் சென்றேன். அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார் என்றனர். அவரிடம் கேட்க இயலாத மன்னிப்பை இம்மன்றத்தில் கேட்கின்றேன். நம் தெருவைத் துப்புரவு செய்வோர்க்குக் கையுறையும் சோப்பும் வாங்கித் தருதல் நம்மால் இயலாத பெருஞ்செயலன்று. தோல் தடித்து நிற்பவரைக் கண்டால் விலக்காது, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வரும் மழைக்காலத்திற்குள் ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் மனையிலுள்ள செடியைக் களைவாராயின், என் உரை பயன் பெற்றதாகக் கருதுவேன்.