பூவுக்கும் ஒரு பெயர்ப் பலகை



பங்குனி வந்தால் நம் ரேணிகுண்டாவில் வேம்பு பூக்கும். யுகாதிப் பச்சடிக்கு அந்தப் பூ வேண்டும். பச்சடிக்குப் பறிக்கிறோம். நின்று பார்க்கிறோமா?

பூப் பார்ப்பதற்கென்றே ஒரு முறை பெங்களூர் போய்வாருங்கள். நம் ஜங்ஷனிலிருந்து ரயில் உண்டு. அங்கே லால்பாக் தோட்டம் இருக்கிறது. ஹைதர் அலி 1760-ல் தொடங்கியது. சுமார் 240 ஏக்கர். மாசி, பங்குனியில் சில மரங்களில் இலையே இருக்காது. மரம் முழுக்க மஞ்சள் பூ! பல மரங்களில் பெயர்ப் பலகை இருக்கும். நம் எழுத்து இல்லை என்றால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

நம் வீட்டிலும் பூ வளர்க்கலாம். "குடிக்கவே தண்ணீர் இல்லை, செடிக்கு எங்கே போவேன்?" என்று வகுப்பில் ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அரிசி கழுவிய நீர், காய் கழுவிய நீர் போதும். சோப்பு நீர் வேண்டாம்.

பழைய எண்ணெய் டின்னின் அடியில் ஓட்டை போடுங்கள். மண்ணும் எருவும் நிரப்பி மல்லிகைப் பதியன் வையுங்கள். நல்ல வெயில் வேண்டும். செடி வளர்ந்த பிறகு, கார்த்திகையில் கிளைகளை வெட்டிவிடுங்கள். வெட்ட மனம் வராது. ஆனால் புதுத் துளிரில்தான் மொட்டு வரும்.

டின்னில் ஒரு சிறு அட்டை கட்டுங்கள். நீங்கள் 'மல்லிகை' என்று எழுதுங்கள். கீழே பிள்ளை தெலுங்கில் 'மல்லெ' என்று எழுதட்டும். மொட்டு எல்லாவற்றையும் பறித்துவிடாதீர்கள். நாலைந்து செடியிலேயே இருக்கட்டும். பொழுது சாய்ந்ததும் அவை விரியும். அப்போது பக்கத்தில் உட்காருங்கள்.