எரிச்சலை எந்த மொழியில் சொல்வது?

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இங்கே படித்தபோது குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த வகுப்பு நாங்கள். ஒருநாள் எங்கள் ஆங்கில ரீச்சர் கரும்பலகை நிறைய மரபுத்தொடர்கள் எழுதினார். எல்லாம் எரிச்சலைச் சொல்பவை. 'ஃபெட் அப்' என்றால் அலுத்துப்போயிற்று. 'கெற்ரிங் ஒன் மை நேர்வ்ஸ்' என்றால் பொறுமையைச் சோதிக்கிறார். 'ட்ரைவிங் மீ அப் த வோல்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால், சுவரில் ஏறவைக்கிறார் என்று வரும். "எங்கடை வளவுக்குச் சுவர் இல்லை ரீச்சர், கிடுகு வேலிதான். ஏறினால் வேலி விழுந்திடும்" என்று பின்வாங்கிலிருந்து ஒருத்தி சொல்ல, ரீச்சரும் சேர்ந்து சிரித்தார். 'த லாஸ்ட் ஸ்ட்ரோ' வந்தபோது, ஒட்டகத்தின் முதுகை முறித்த கடைசி வைக்கோலைச் சொல்லிவிட்டு, இதையே வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியை வைத்துச் சொல்லியிருக்கிறார் என்றார். அளவு மிஞ்சினால் மயிலிறகும் அச்சை முறிக்கும்.

வீட்டுக்குப் போனால் அங்கே வேறொரு பட்டியல் இருந்தது. "கரைச்சல் தராதை" என்பது சின்னத் தொல்லைக்கு. "ஆக்கினைப் படுத்தாதை" என்றால் தொல்லை கூடிவிட்டது. "உது பெரிய அரியண்டம்" என்றால் சகிக்க ஏலாது. "எனக்கு விசர் பிடிக்குது" என்று அம்மா சொன்னால் நாங்கள் எழும்பி ஓடிவிட வேண்டும். சொற்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றைச் சொல்லப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. "பொம்பிளைப் பிள்ளை புறுபுறுக்கக் கூடாது" என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஆங்கிலத்தில் மட்டும் எரிச்சல்பட்டால் மதிப்பெண் கிடைத்தது.

வைத்தியர்களான பிறகுதான் அந்த இரண்டு பட்டியல்களுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று கண்டோம். புலம்பெயர்ந்த நாடொன்றில், எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி வேலைசெய்யும் வைத்தியசாலையில், எங்கள் ஊர் அம்மா ஒருவரை அனுமதித்திருந்தார்கள். தொலைபேசியில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அவர் பேசியதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறார். "தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்கிறார்" என்று குறிப்பேட்டில் ஏறிவிட்டது. மனநல வைத்தியரை அழைக்கவும் ஏற்பாடாயிற்று. தோழி போய்க் கட்டிலடியில் இருந்து, "என்னம்மா செய்யுது?" என்று கேட்டாள். "ஒரே கேள்வியை மூண்டு பேர் மாறிமாறிக் கேட்டால் விசர் பிடிக்காதோ பிள்ளை?" என்றார் அம்மா. பிறகுதான் மிச்சம் வந்தது. ஒரு மாதமாக எல்லாவற்றுக்கும் எரிச்சல், கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு மெலிவு. இரத்தப் பரிசோதனையில் தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலைசெய்வது தெரிந்தது. அதற்கு மருந்து உண்டு. ஆங்கிலேயரும் 'ட்ரைவிங் மீ மாட்' என்று தினமும் சொல்கிறார்கள். அதற்காக அவர்களை யாரும் மனநல வைத்தியரிடம் அனுப்புவதில்லை.

அந்தப் பிழையை வெளிநாட்டின் தலையில் மட்டும் போட்டுவிட்டுத் தப்ப முடியாது. இங்கே, எங்கள் மொழியிலேயே, நாங்களும் பிழை விட்டிருக்கிறோம். குழந்தை பெற்று இரண்டு மாதமான தாய் ஒருத்தி, "எல்லாரிலையும் எரிச்சலா வருது டொக்டர்" என்றாள். நித்திரை குறைவு, போகப்போகச் சரிவரும் என்று இரும்புச்சத்துக் குளிசை எழ்திக் கொடுத்து அனுப்பினோம். நான்கு மாதம் கழித்துத் தாய்வீட்டார் அவளைக் கூட்டிவந்தபோது அவள் பேச்சையே விட்டிருந்தாள். மகப்பேற்றுக்குப் பின்னான மனச்சோர்வு. அது சிலரிடம் கண்ணீராக வராது, எரிச்சலாகத்தான் வரும். படித்திருந்தோம், ஆனால் அன்று கேட்கவில்லை. அவள் இப்போது சுகம். நாங்கள் அதை மறக்கவில்லை.

இந்த மண்ணில் நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. உடுவிலில் 1824இல் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியவர் ஹரியற் வின்சிலோ. அவருடைய கணவர் மைரன் வின்சிலோவின் தமிழ் ஆங்கில அகராதி 1862இல் சென்னையில் அச்சானது. அதற்கான சொற்சேகரிப்புத் தொடங்கியது யாழ்ப்பாணத்தில். மானிப்பாயில் வைத்தியர் கிறீன் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். நோயாளியின் சொல் வைத்தியனுக்கு விளங்கவேண்டும் என்பது இந்தக் குடாநாட்டுக்குப் புதிய பாடம் அல்ல.

ஆகவே உலகெங்கும் இருக்கும் எங்கள் சகோதரிகளிடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, அம்மாவோ மாமியோ எரிச்சல் என்று சொன்னால், "வயசு போனால் அப்பிடித்தான்" என்று விடாதீர்கள். எப்போதிருந்து, நித்திரை எப்படி, உடம்பில் வேறென்ன மாற்றம் என்று கேளுங்கள். இரத்தச்சோகை, தைரொயிட், மாதவிடாய் நிற்கும் காலம், மனச்சோர்வு, ஆறாத வலி, எதுவும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கலாம்.

இரண்டு, வைத்தியரிடம் அவருக்காக மொழிபெயர்க்கும்போது சொல்லைப் பெயர்க்காதீர்கள், கருத்தைப் பெயர்த்துச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையை அந்த வேலையில் விடாதீர்கள். பேரப்பிள்ளைக்கு முன்னால் எந்த அம்மம்மாவும் முழுவதையும் சொல்லமாட்டார்.

மூன்று, உங்களுக்கே எரிச்சல் வந்தால் சொல்லுங்கள். அச்சு முறியும் வரை மயிலிறகு ஏற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

எங்கள் ரீச்சர் அன்று கற்பித்த பட்டியல் இன்றும் நினைவில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அம்மாவின் பட்டியலையும் எழுதி, இரண்டையும் சொல்ல இன்றைய பிள்ளைகளுக்கு அனுமதி கொடுங்கள் என்று கல்லூரியைக் கேட்டு அமர்கிறோம்.