கைப்புள்ளைய எங்க படுக்க வைக்கிறது?

(கண்டிப் பகுதித் தோட்டத் தாய்மார் மத்தியில் ஆற்றிய உரை)



கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கம் நாங்கள் போகும்போது தாய்மார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "புது வீட்டுல ரெண்டு அறை இருக்கு. கைப்புள்ளைய எப்ப தனியா போடலாம்?"

கோப்பிக் காலத்திலும், 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்த பிறகும் நம்ம சனத்துக்குக் கிடைத்தது லயம்தான். 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. புள்ளை பிறந்தால் தகப்பனுக்கு இஸ்தோப்பு, மூத்த புள்ளைக்குப் பாட்டியின் பாய். இப்போது சில இடங்களில் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு வந்திருக்கிறது. பல குடும்பங்கள் இன்னும் லயத்தில்தான். இரண்டு பேருக்கும் பொருந்துகிற பதிலைச் சொல்கிறோம்.

புள்ளை உங்கள் அறையில் இருக்கட்டும். உங்கள் படுக்கையில் வேண்டாம். குறைந்தது 6 மாதம் இப்படிச் செய்யுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-ல் சொன்னதும் இதுதான்.

ஒரே அறையில் இருந்தால் புள்ளை திணறினாலும் கக்கினாலும் உடனே தெரியும். பால் கொடுக்கவும் லேசு. ஆனால் பிரசவ லீவு முடிந்து பெரட்டுக்குப் போகத் தொடங்கியதும், மலையில் நாள் முழுக்கக் கொழுந்து எடுத்த உடம்பு அசந்துவிடும். கை புள்ளையின் மேல் விழுந்தாலும், கம்பளி அதன் முகத்தை மூடினாலும் தெரியாது. குடித்தவர்கள், பீடி சிகரெட் பிடிக்கிறவர்கள் பக்கத்தில் படுக்கவே கூடாது. மூத்த புள்ளைகளோடும் சேர்த்துப் போட வேண்டாம்.

அதற்குத் தொட்டில் வாங்கத் தேவையில்லை. உங்கள் பாய்க்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதன் மேல் அமுங்காத மெல்லிய மெத்தை போதும். தலையணை, தளர்ந்த கம்பளி வேண்டாம். குளிருக்கு உடுப்பை ஒன்றுக்கு இரண்டாகப் போடுங்கள். அடுப்புப் புகை வராத மூலையாகப் பாருங்கள். ஏணையில் ஆட்டுவது நம்ம வழக்கம்தான். தூங்கியதும் எடுத்துப் பலகையில் போடுங்கள். ஏணைச் சீலையில் கழுத்து மடங்கினால் மூச்சு தடைப்படும்.

எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். 1991-ல் இங்கிலாந்தில் இதைச் சொல்லத் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் இறக்கும் குழந்தைகளின் தொகை பாதிக்கும் கீழே போனது. இதற்குச் சல்லிக் காசு செலவில்லை.

6 மாதம் கழிந்தபின் அவசரமில்லை. தனி அறை இருந்தால் முதலில் பகல் தூக்கத்தை அங்கே பழக்குங்கள். பிறகு இரவு, கதவைத் திறந்து வைத்து. காய்ச்சல், சளி என்றால் திரும்ப உங்கள் அறைக்கே கொண்டுவாருங்கள். ஒரே காம்பரா உள்ளவர்கள் மனம் நோக வேண்டாம். தனி அறை இல்லாததால் புள்ளைக்கு ஒரு குறையும் வராது.

தகப்பன்மார்களே, அந்தப் பலகையை இன்றைக்கே தேடி வையுங்கள். பாட்டிமாரே, "எங்க காலத்துல எல்லாம் பக்கத்துலதான் போட்டோம்" என்று மருமகளைத் தடுக்காதீர்கள். பக்கத்தில்தான் போடச் சொல்கிறோம், வேறு படுக்கையில். சந்தேகம் இருந்தால் தோட்டத்து மருத்துவிச்சி அம்மாவிடம் கேளுங்கள்.